கிழங்கா, கொழுந்தா, கறவையா: வர்த்தமானி வரும் இரவில் கையில் எவ்வளவு கடன்?

தைப்பொங்கலுக்கு நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு வந்த என் மச்சினன் இந்தமுறை கொழும்புக்குத் திரும்பவில்லை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் கிழங்கும் மொத்தமாக விற்கும் கடையொன்றில் பதினொரு வருஷம் நின்றவன். முதலில் மூட்டை இறக்கினான், பிறகு பில் போட்டான். கையில் ஆறு லட்சம் ரூபா சேர்த்து வைத்திருக்கிறான். ஏழு பேர்ச்சஸில் கட்டிய வீடு இருக்கிறது. மனைவி தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி. "மூணு வழி இருக்கு மச்சான். எதுல இறங்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்று வந்து உட்கார்ந்தான்.

நான் விவசாயி இல்லை. நுவரெலியாவில் மரக்கறி அனுப்பும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவன். கரட், லீக்ஸ், கோவா, கிழங்கு என்று யார் எப்போது சிரித்தார்கள், யார் எப்போது நகையை அடகு வைத்தார்கள் என்பது என் கொப்பியில் இருக்கும். அதனால்தான் என்னிடம் வந்தான்.

அவன் சொன்ன வழிகள் இவை. இராகலைப் பக்கம் ஒரு நாட்டுக்காரர், அதாவது தோட்டத்துக்கு வெளியே உள்ள கிராமத்தவர், அரை ஏக்கர் மண்ணை ஒரு போகத்துக்குக் குத்தகைக்குத் தருகிறார். அதில் கிழங்கு போடலாம். தோட்ட நிர்வாகம் 1,500 தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, எடுக்கும் கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. கடதாசியில் வெளியாள் உற்பத்தி முறை, பேச்சில் அவுட்குரோவர். மூன்றாவது, கறவை மாடு.

ஊரில் யாரைக் கேட்டாலும் எதில் லாபம் கூட என்று பார்த்துச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் கிழங்குதான். நல்ல போகத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. நான் வேறு கேள்வி கேட்டேன். ஒரு இரவில் வர்த்தமானி, அதாவது அரசாங்க அறிவித்தல், வருகிறது, அல்லது எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொள்கின்றன. அந்த இரவில் உன் காசு எவ்வளவு மண்ணுக்குள் கிடக்கும்? அதை வெளியே எடுக்க எத்தனை நாள் ஆகும்? அந்த நாட்களில் யாருக்குக் கடன்பட்டிருப்பாய்?

அவன் மனசு முழுக்கக் கிழங்கில்தான் இருந்தது. 2025 ஓகஸ்ட் கடைசியில் இறக்குமதிக் கிழங்குக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை அரசாங்கம் கிலோவுக்கு 60 ரூபாவிலிருந்து 80 ஆக உயர்த்தியது. பெரிய வெங்காயத்துக்கு 10 ரூபாவாக இருந்தது 50 ஆனது. "வரி கூடிருச்சு, இனிப் பாகிஸ்தான் கிழங்கு மலிவா வராது, நம்ம கிழங்குக்கு விலை நிக்கும்" என்பது அவன் வாதம்.

வாதத்தில் பாதி சரி. மீதிப் பாதி அந்த அறவீடு எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டப்படி நிதி அமைச்சர் ஒரு வர்த்தமானி போட்டால் போதும், அறவீடு மாறிவிடும். சதவீதம் அல்ல, கிலோவுக்கு இத்தனை ரூபா என்ற கணக்கு. கூட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ குறைப்பதற்கும் அவ்வளவுதான். கிழங்குக்கோ விதைத்ததிலிருந்து கிண்டுகிறவரை மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் போடுகிற கிரனோலாவுக்குத் தொண்ணூறு, நூறு நாள். விதை போடும் நாளில் இருந்த வரி கிண்டும் நாளில் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கிழங்கு போடுகிறவன் வீதியில் இறங்கினால் கூடும். சந்தையில் விலை ஏறிப் பெண்கள் முணுமுணுத்தால் குறையும். எந்த அரசாங்கம் வந்தாலும் இந்த ஊஞ்சல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

அரை ஏக்கருக்குக் கணக்குப் போட்டோம். விதைக்கிழங்கு அரைத் தொன், அதாவது ஐம்பது கிலோ மூட்டை பத்து. செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும். விதைத்ததைப் போல் ஏழு மடங்கு வந்தால் நல்ல போகம் என்பார்கள். ஏழென்றே வைத்தால் மூன்றரைத் தொன். வரியில் 20 ரூபா ஏறி இறங்குவது அப்படியே தோட்டத்து விலைக்கு வந்தால், அவன் அரை ஏக்கரில் அது 70,000 ரூபா. 80 ரூபாவும் ஒரே நாளில் எடுபட்டால் 280,000. உண்மையில் முழுதாக வராது. நடுவில் தரகர், லொறி, பழுது எல்லாம் இருக்கின்றன. உள்ளூர்க் கிழங்குக்கு ருசியால் ஒரு தனி விலையும் உண்டு. ஆனால் ஏறும்போது முழுதாக வராதது இறங்கும்போது மட்டும் எப்படியோ முழுதாக வந்துவிடுகிறது. இதை என் கொப்பியை வைத்துச் சொல்கிறேன்.

அந்தத் தனி விலையைப் பற்றி மச்சினனே ஒரு கதை சொன்னான். இறக்குமதிக் கிழங்கு கழுவித் துடைத்த மாதிரி வெளுப்பாக வரும். அதில் செம்மண்ணைப் பூசி, வேறு சாக்கில் மாற்றி, நுவரெலியாக் கிழங்கென்று விற்கிறவர்கள் உண்டு. "பத்து நிமிஷ வேல மச்சான். கிலோவுக்கு அம்பது, அறுபது கூட." வரி எவ்வளவு கூடினாலும், பெயருக்கு இருக்கும் மதிப்பை இப்படி யாரோ தின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொன்னான். வரி கூடப்போகிறது என்று கதை அடிபட்டவுடனேயே கொண்டெய்னர்கள் முந்திக்கொண்டு வந்துவிடும். பழைய வரியில் எடுத்த சரக்கைப் புது விலைக்கு விற்பார்கள். அந்த இடைவெளிக் காசு புறக்கோட்டையிலேயே நின்றுவிடும், மலை ஏறாது. மலைக்காரனுக்கு வரி உயர்வு கண்ணில் படும்போது களஞ்சியங்களில் ஒன்றிரண்டு மாதச் சரக்கு கிடக்கும். இதைச் சொன்னவனே அந்த வரியை நம்பிக் கிழங்கு போடப் பார்த்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது.

வரி நம் அரசாங்கத்தின் கையில் இருந்தாலும் விலை இன்னொரு நாட்டின் கையிலும் இருக்கிறது. 2023 டிசெம்பரில் இந்தியா தன் ஊர் விலையை அடக்க வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 மே வரை அந்தத் தடை நீடித்தது. அந்த மாதங்களில் நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம் தங்கம் மாதிரிப் போனதை அவன் கண்ணால் பார்த்தவன். தடை எடுபட்ட பிறகு நிலைமை தலைகீழ். உயர்ந்த விலையைப் பார்த்து நட்டவன் இறங்கிய விலைக்குத்தான் அறுவடை செய்வான். கிழங்கிலும் இதுவே வழக்கம். 1996 இல் கிழங்கு இறக்குமதியைத் திறந்துவிட்ட கதையை இங்குள்ள பழைய கிழங்குக்காரர்கள் இன்றும் ஒரு சாவு வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள்.

இதோடு பசளையும் இருக்கிறது. 2021 மே 6 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து வர்த்தமானி வந்தது. நவம்பரில்தான் முழுதாக விலகினார்கள். நடுவில் சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிய கப்பலொன்று, ஹிப்போ ஸ்பிரிட் என்று பெயர், கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுகாப்புப் பிரிவு சொல்லிவிட்டது. அதை அனுப்பிய சீனக் கம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் வங்கி பணம் கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் அந்த வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் ஏறத்தாழ 70 லட்சம் டொலர் கொடுத்து முடித்தார்கள். பசளை இறங்கவே இல்லை. அந்தப் போகத்தில் எங்கள் பக்கம் மாட்டெருவுக்கு லொறிக் கணக்கில் விலை பேசினார்கள். மாடு வைத்திருந்தவன் அன்று ஒரு சின்ன துரை.

கிழங்கைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அதைச் சொன்னது என் மனைவி. "வரி கூடினா உனக்கு லாபம்னு சொல்றியே, நாங்க கடைல கிழங்கு வாங்குறது இல்லையா?" லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுச், சமையலில் ரொட்டிக்கும் சோற்றுக்கும் கிழங்குக் கறி இல்லாத வாரம் கிடையாது. 80 ரூபா அறவீட்டில் ஒரு பங்கு எங்கள் அடுப்பிலிருந்தும் போகிறது. அரை ஏக்கர் போடுகிறவன் ஒருவன் என்றால் வாங்கித் தின்னும் குடும்பங்கள் அந்த லயத்திலேயே இருபது.

கொழுந்துக்கு வருவோம். இங்கே ஆபத்து வேறு வகை. அது தூரத்திலிருந்து, ஆறுதலாக, பலர் தலையில் பிரிந்து வரும்.

எங்கள் தேயிலைத் தூள் போவது ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம், ஈரான் என்று. அந்தப் பட்டியலில் யுத்தமோ பொருளாதாரத் தடையோ காணாத நாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2017 டிசெம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தது. அந்தச் சரக்கில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வருவது. அந்த நேரம் பார்த்து ரஷ்யா தேயிலைச் சரக்கொன்றில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது. இலங்கை அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப் போட்டது. மாதம் முடிவதற்குள் ரஷ்யாவும் தடையை எடுத்தது. ஒரு வண்டு இரண்டு வாரத்தில் கூரைத் தகட்டைக் காப்பாற்றிவிட்டுப் போனது. கொழுந்து எடுக்கிறவள் தலைக்கு மேலே இருக்கும் கூரையும் அவள் கூடையில் இருக்கும் கொழுந்தும் ஒரே பேரத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஈரானுக்குத் தர வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகக் கழிப்பதென்று 2021 டிசெம்பரில் ஒப்பந்தமானது. தேயிலை போகத் தொடங்கியது 2023 இல். அது நல்ல பக்கம். டொலர் இல்லாமலே ஒரு சந்தை திறந்திருந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்றது. பிறகு 30, ஓகஸ்டில் 20 ஆக இறங்கியது. நவம்பரில் தேயிலையை அந்த வரியிலிருந்து விலக்கிவிட்டது. தேயிலையை விட எங்கள் பெண் பிள்ளைகள் தைக்கும் ஆடைகளுக்குத்தான் அது உண்மையான அடியாக இருந்தது. ஒரே லயத்தில் தாய் கொழுந்தெடுக்க மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் வீடுகள் எத்தனையோ. அவர்களுக்கு இரண்டும் ஒரே செய்திதான்.

உள்ளூர்க் கொள்கையும் கொழுந்தைத் தொட்டிருக்கிறது. 2015 இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடுத்தார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018 இல் மறுபடி அனுமதித்தார்கள். நடுவில் மாற்றாக அடித்த வேறு களைநாசினியின் எச்சம் தூளில் தங்கியதால் ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. பசளைத் தடையின் விளைவு அதைவிடப் பெரிது: 2021 இல் கிட்டத்தட்ட 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் சொச்சத்துக்கு இறங்கியது. செடி சாகவில்லை, மெலிந்தது. பசளை திரும்பியதும் மெதுவாகத் தேறத் தொடங்கியது. கிழங்குப் பாத்தியில் ஒரு போகம் போனால் போனதுதான். தேயிலை பொறுத்துக்கொள்கிற செடி.

இப்போது மச்சினனின் 1,500 செடிக்குக் கணக்கு. சிறு தேயிலைத் தோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளுக்கு ஒரு சூத்திரம் உண்டு: தூள் விற்ற சராசரி விலையில் 68 பங்கு கொழுந்துக்காரருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. ஒரு கிலோத் தூளுக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடவே பச்சைக் கொழுந்து வேண்டும். ஏலத்தில் தூள் கிலோ 1,000 ரூபாவுக்குப் போனால் கொழுந்துக்கு 146 ரூபா வரும். எங்கோ சண்டை மூண்டு ஏலம் 100 ரூபா சரிந்தால் கொழுந்தில் குறைவது 15 ரூபாவுக்கு உள்ளே. எங்கள் மலையின் வரத்தை வைத்துப் பார்த்தால் 1,500 செடி வாரத்துக்குப் பதினாறு கிலோவோ என்னவோ தரும். வாரத்துக்கு 240 ரூபாவுக்குள் நட்டம். அரை ஏக்கர் கிழங்கின் 70,000 ரூபாவோடு இதை வைத்துப் பாருங்கள். அடி சிறிது, ஆனால் வருமானமும் சிறிது என்பதை மறைக்கக் கூடாது. பதினாறு கிலோ என்பது ஒரு கைகாரியின் ஒரு நாள் கொழுந்து. 1,500 செடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது, கறி போடும்.

மச்சினனுக்கு இந்த இடத்தில் ஒரு பிழையான எண்ணம் இருந்தது. அந்த 68 பங்கு தனக்கும் தானாகவே கிடைக்கும் என்று நினைத்திருந்தான். காணிக்கு உறுதி வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்கும் கொடுக்கலாம். லொறிகள் போட்டி போட்டுக்கொண்டு வரும். அவுட்குரோவருக்கு மண் அவனுடையது இல்லை, வாங்குகிறவர் ஒருவர்தான், விலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது. பசளை, மருந்துக்கு என்று கழிக்கப்படுவதும் அதில்தான் இருக்கும். இருநூறு வருஷம் அந்த மண்ணில் நின்றவர்கள் மீண்டும் ஒரு கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் திரிவது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து எத்தனை லட்சம் பேர் எந்தப் பக்கம் என்று எங்கள் ஆட்களையே பங்கு பிரித்தார்கள். அதையும் ஒப்பந்தம் என்றுதான் சொன்னார்கள்.

நாட்சம்பளத்தோடு ஒப்பிடாமல் இதை முடிக்க முடியாது. 2021 இல் நாளுக்கு 1,000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1,350. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 உம் அரசாங்கம் தரும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவும் அறிவிக்கப்பட்டது. இந்தச் சம்பளத்தை உலகச் சந்தை நேரே தொடாது. ரஷ்யா நிறுத்தினாலும் அன்றைய வேலைக்குப் பேர் விழுந்தால் காசு. அதோடு நிர்வாகம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அவுட்குரோவர் செடியில் வேலை செய்யும் நாளுக்கு அந்த 15 வீதம் யாரும் கட்ட மாட்டார்கள். ஏலத்தின் ஏற்றமும் இறக்கமும் நிர்வாகத்தின் தோளிலிருந்து குடும்பத்தின் தோளுக்கு மாறுகிறது. அந்த முறையின் உள்ளர்த்தம் இதுதான். முழுக் குடும்பமும் பேரை விட்டுவிட்டுச் செடிக்குப் போவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மச்சினனின் மனைவி பேரை வைத்துக்கொண்டு, கிலோக் கணக்கில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் ஞாயிறுகளையும் வேலை குறைந்த நாட்களையும் செடிக்குக் கொடுக்கலாம். அவள் இதைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னாள்: "கொழுந்து நான் எடுப்பேன், கடதாசில அவர் பேரு." அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஒப்பந்தம் அவள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

மிளகைப் பற்றியும் பேச்சு வந்தது, நீளவில்லை. கந்தப்பளையின் குளிரில் மிளகு வராது. அது மாத்தளை, கண்டிப் பக்கத்து ஆட்களின் கேள்வி. அங்கே இருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையால் நம் மிளகு இந்தியாவுக்குத் தீர்வைச் சலுகையோடு போகிறது. அந்த வழியால் வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் நுழைகிறது என்று அங்குள்ள விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசெம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. கள்ளச் சரக்கை அனுப்பியவன் வேறு, விலை சரிந்து கை பிசைந்தவன் வேறு. செம்மண் பூசிய கிழங்கின் கதைதான், கடலுக்கு அப்பால்.

கறவைக்கு வருவோம். இங்கே சந்தை ஒரு நாளுக்கு இரண்டு தரம் திறக்கும். காலையில் கறந்ததைக் காலையிலேயே பால் சேகரிக்கும் நிலையத்தில் ஊற்றலாம். கொழுப்பு அளந்து விலை போடுவார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் காசென்று எதுவும் இல்லை. மாடு காசாக நிற்கிறது. நிலைமை கெட்டால் விற்கலாம். எங்கள் வங்கிகள் உறுதி இல்லாத காணிக்குக் கடன் தர யோசிக்கும். மாட்டை அடகு வைக்க முடியாது, ஆனால் ஒரு கன்று ஒரு கல்யாணத்தைத் தாங்கிய கதைகள் எங்கள் வீடுகளில் நிறைய.

இதற்கும் உலகம் உண்டு. இந்த நாட்டின் பால்மா பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருகிறது. அது மலிவாக வரும்போது பால் வாங்கும் கம்பனிகளுக்கு விவசாயியிடம் விலை கூட்ட அவசரமில்லை. 2021 இல் டொலர் தட்டுப்பட்டு பால்மாவுக்கு வரிசை நின்றது. ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் லயத்துப் பாலுக்கு வீட்டு வாசலிலேயே ஆள் வந்து நின்றார்கள். அதே நெருக்கடி தீவனத்தையும் ஏற்றிவிட்டது. சோள இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், புண்ணாக்கும் மலிவில்லை. ஆக அரசாங்கக் கொள்கை மாட்டை வாய்ப்பக்கமாகத்தான் கடிக்கும். கடையில் வாங்கும் தீவனத்தில் மட்டும் நிற்கிற மாடு என்றால் கிழங்கும் மாடும் ஒன்றுதான். ஓடையோரத்துப் புல்லும், நட்டு வளர்த்த புல்லும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் கடி பாதியாகும். மச்சினனுக்கு அந்த வசதி இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

கஷ்டங்களையும் சொன்னேன். மாட்டுக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. கோமாரி வந்தால் சம்பாத்தியம் நிற்கும். அரசாங்க மிருக வைத்தியரிடம் தடுப்பூசிக்குப் பதிந்து வைக்க வேண்டும். கொட்டில் தோட்டக் காணியில் விழுந்தால் நிர்வாகத்தோடு தகராறு வரும். ஏழு பேர்ச்சஸில் வீட்டையும் கொட்டிலையும் வைத்தால் சாணம் எங்கே போகும் என்று அண்டை வீட்டார் கேட்பார்கள். 2025 நவம்பர் டித்வா புயலில் எங்கள் பக்கத்து மலைகள் சரிந்ததைப் பார்த்த பிறகு, மேட்டு விளிம்பில் கொட்டில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. சரிவுக் கிழங்குப் பாத்தியைப் பற்றியும் இதே பயம்தான்.

அவன் திரும்பவும் கிழங்குக்கே வந்தான். பதினொரு வருஷம் விலையைப் பார்த்தவன். விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவனுக்குக் கை அரிப்பு. அதனால் நான் கிழங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடனுக்கு விதை வாங்காதே, மருந்துக் கடையில் எழுதி வைக்காதே, ஆறு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் மண்ணில் போடாதே என்றேன். அந்த ஒரு லட்சத்தில் வருவது கால் ஏக்கரோ அதற்கும் குறைவோ, அது போதும். தரகர் முன்பணம் கொடுத்து விதை தருவார். அதை வாங்கினால் விலை பேசும் உரிமையும் அவரிடமே போய்விடும். வர்த்தமானி இரவில் வந்தால் ஒரு லட்சக்காரன் தூங்குவான். நகையை வைத்து அரை ஏக்கர் போட்டவன் விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரையும் என் கொப்பியில் பார்த்திருக்கிறேன்.

மீதிக் காசுக்கு நான் சொன்னது கறவை: நல்ல கறவையாக ஒன்று, சினைக் கிடேரி ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் வாங்காமல், முதலாவதன் பால் மூன்று மாதம் நிலையத்துக்குப் போன பிறகு அடுத்ததை வாங்கலாம். சாணம் கால் ஏக்கருக்கும் 1,500 செடிக்கும் போகும். பசளைக்கு இன்னொரு வர்த்தமானி வந்தாலும் பாதிப் பாரம் குறைந்திருக்கும். செடியை எடுக்கலாம், மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால் மட்டும்: கொழுந்து விலை எதை வைத்து, ஏல விலையா அல்லது அவர்கள் சொல்லும் விலையா, பசளைக் கழிப்பு கிலோவுக்கு எவ்வளவு, கவ்வாத்துக்குப் போன, அதாவது கிளை வெட்டிவிட்ட, செடி துளிர்க்கும் மாதங்களில் குடும்பத்துக்கு என்ன.

மாசி மாதம் அவன் ஒரு மாட்டை வாங்கினான். கறுப்பும் வெள்ளையுமாக, கொஞ்சம் கோபக்காரி. கால் ஏக்கர் குத்தகைக்கும் முன்பணம் கொடுத்திருக்கிறான். அதை எனக்குச் சொல்லாமல் இரண்டு நாள் மறைத்தான். தோட்டத்து ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வந்தது. தமிழ்ப் பிரதி கேட்டு அவன் மனைவி தன் பெயரில் கடிதம் கொடுத்து மூன்று வாரமாகிறது. காலையில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் அவன் இன்னும் நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு கோல் எடுக்கிறான், இன்றைக்கு எத்தனை கொண்டெய்னர் என்று கேட்க.